சுக்கான் பிடித்தவர்

என் மாமனாரின் போர்க்கதையை நான் கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனை முறை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. கேஸ் சிலிண்டர் போட வந்தவர் கேட்டிருக்கிறார். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த டீச்சர் கேட்டிருக்கிறார். தப்பான வீட்டில் மணி அடித்த கூரியர்காரர்கூட ஒருமுறை சோபாவில் உட்கார்ந்து முழுக்கதையையும் கேட்டுவிட்டுத்தான் போனார்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் துணிக்கடை வைத்த குடும்பம் அவருடையது. அண்ணன் தம்பிகள் எல்லாரும் கல்லாவில் உட்கார, இவர் மட்டும் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கடற்படைக்குப் போனார். வங்கதேசப் போரின்போது ஓர் ஆற்றில் பீரங்கிப் படகு ஒன்றுக்குத் தலைவராக இருந்தார். பீரங்கிப் படகு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துக்கொண்டு கிடந்த பழைய படகில் ஒரு பீரங்கியைப் பொருத்தி அனுப்பிவைத்தார்கள், அவ்வளவுதான்.

ஆற்றின் ஒரு கிளைக்குள் போனபோது, தண்ணீர் வடிகிற நேரமாகப் பார்த்துப் படகு தரைதட்டிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. கரையிலிருந்து எதிரிகள் சுட ஆரம்பித்தார்கள். சுக்கான் பிடித்திருந்த மாலுமிக்கு இடுப்பில் குண்டு பட்டது. அவரை அசைக்கக்கூட முடியவில்லை. மாமா மற்ற எல்லாரையும் எதிர்க்கரைக்கு நீந்திப் போகச் சொல்லிவிட்டு, அடிபட்டவரோடு தான் மட்டும் படகில் தங்கினார். கரையில் இருப்பவர்கள் கிட்டே வராதபடி பீரங்கியால் அவரே சுட்டுக்கொண்டிருந்தார். கடல் பொங்கி ஆற்றில் தண்ணீர் ஏறியதும் ஆட்கள் நீந்தித் திரும்பி வந்தார்கள். படகு மிதந்தது. மாமாவே சுக்கானைப் பிடித்து அதை வெளியே கொண்டுவந்தார். அதற்காகக் கொடுத்த பதக்கம் எங்கள் வீட்டு டிவிக்கு மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதைத் துடைத்து வைப்பது என் வேலை.

நான் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். மாமியார் போன பிறகு வேலையை விட்டேன். விட்டேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கணவருக்குத் துபாயில் வேலை. மகள் பெங்களூரில். அடையாற்றங்கரையில் ஒரு மூன்றாவது மாடி வீட்டில் நானும் மாமாவும் மிஞ்சினோம். அவருக்கு இரண்டு முட்டிகளும் போய்விட்டன, மூச்சிரைப்பு வேறு. நெபுலைசரை மூக்கில் வைக்காமல் ஒரு நாள் நகராது. காய்கறி வாங்கப் போனால்கூட நான் அரைமணி நேரத்தில் திரும்பிவிட வேண்டும்.

சொல்வதற்கு என்ன, எனக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. கப்பலை விட்டுப் போகாமல் இருப்பது கேப்டனுடைய கடமை என்று சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். வருஷக்கணக்காக இந்த வீட்டை விட்டு நகராமல் இருக்கிறேனே, எனக்கு யார் பதக்கம் குத்திவிட்டார்கள் என்று பாத்திரம் கழுவும்போது நினைத்துக்கொள்வேன். நினைத்தபிறகு பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே விழும்.

ஆற்றங்கரையில் குடியிருக்கும் எங்களுக்கு மழைக்காலத்தில் ஒரு பழக்கம் உண்டு. புயல் என்று டிவியில் சொன்னவுடன் காரை எடுத்துக்கொண்டுபோய் மேம்பாலத்தின்மேல் நிறுத்திவிடுவோம். ஒருமுறை பெருவெள்ளத்தில் வண்டிகளைப் பறிகொடுத்த பிறகு வந்த புத்தி. பாலும் மெழுகுவர்த்தியும் வாங்குவதற்கு முன்னால் மேம்பாலத்தில் இடம் பிடிப்போம். போலீஸ்காரர் வந்து விரட்டுவார். அவர் தலை மறைந்ததும் வண்டிகள் திரும்ப வரிசையில் நிற்கும்.

அந்த வருஷம் எங்கள் கட்டடத்தில் எல்லாரும் முதல்நாள் மாலையே காரை ஏற்றிவிட்டார்கள். எங்கள் கார் மட்டும் கீழேயே நின்றது. காரணம், மாமா பால்கனியில் நின்று வானத்தைப் பார்த்தார்.

"காத்து வடக்கே திரும்பிடுச்சும்மா. இது ஆந்திராவுக்குப் போயிடும். நீ போய்த் தூங்கு" என்றார்.

கடற்படைக்காரர் சொல்கிறாரே என்று நானும் போய்த் தூங்கினேன். காலையில் காபி போடும்போது இண்டர்காம் அடித்தது. கீழேயிருந்து வாட்ச்மேன். நொச்சிக்குப்பத்துக்காரர். கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு எங்கள் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தவர்.

"மேடம், தண்ணி கேட்டாண்ட வந்துக்கினு கீது. வண்டிய எடுக்கறதுன்னா இப்பவே எடுத்துடுங்க. அப்பால என்னைக் கேக்காதீங்க."

யோசித்துப் பார்த்தேன். கரண்ட் போய்விட்டால் நெபுலைசர் ஓடாது, லிஃப்டும் ஓடாது, மாமாவால் படி இறங்கவும் முடியாது. ஆகவே அவரையும் அழைத்துக்கொண்டு, காரை மேம்பாலத்தில் விட்டுவிட்டு, அங்கிருந்து ஆட்டோ பிடித்து மயிலாப்பூரில் என் அக்கா வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தேன். ஐந்து நிமிஷத்தில் கிளம்பியிருக்கலாம். ஆனால் மாமா லுங்கியோடு படி தாண்டமாட்டார். பேண்ட் வேண்டும், சட்டையை உள்ளே விட வேண்டும், பெல்ட் வேண்டும், ஷூவுக்கு முடிச்சுப் போட வேண்டும். நான் தரையில் உட்கார்ந்து அந்த முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பயத்தால் இல்லை, எரிச்சலால்.

எங்களுடையது பழைய லிஃப்ட். உள்ளே மடக்குக் கம்பிக் கதவு. வெளியே ஒவ்வொரு தளத்திலும் தள்ளித் திறக்கிற இரும்புக் கதவு, அதில் கைக்குட்டை அளவுக்கு ஒரு கண்ணாடி. உள்ளே போய் பட்டனை அழுத்தினேன். முதல் மாடியைத் தாண்டியதும் விளக்கு அணைந்தது. லிஃப்ட் நின்றது.

கரண்ட் போனால் பேட்டரியில் மெதுவாகக் கார் நிறுத்தும் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிடும் ஒரு கருவியைச் சென்ற வருஷம்தான் போட்டிருந்தார்கள். அது வேலை செய்யும் என்று இருட்டில் காத்துக்கொண்டு நின்றோம். அப்போதுதான் பெரிய சத்தம் கேட்டது. பின்பக்கத்துக் காம்பவுண்ட் சுவர் விழுந்த சத்தம். அதைத் தொடர்ந்து தண்ணீர் இரைந்துகொண்டு உள்ளே வருவது கேட்டது. கீழே இறங்காமல் நிறுத்த நான் எல்லா பட்டன்களையும் மாற்றி மாற்றி அழுத்தினேன். கருவி தன் கடமையைச் செய்தது. எங்களை நிதானமாகத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டது.

கதவிடுக்குகளிலிருந்து தண்ணீர் பீறிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்காலுக்கு வந்துவிட்டது. கம்பிக் கதவை ஒதுக்கிவிட்டு வெளிக்கதவைத் தள்ளினேன். ஒரு விரல் அளவு திறந்து எதிலோ இடித்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெளிறிய வெளிச்சத்தில் ஒரு கார் முன்கண்ணாடி, அதில் ஒட்டியிருந்த நங்கூரப் படம். எங்கள் கார்தான். லிஃப்டுக்குப் பக்கத்திலேயே எங்களுக்கு இடம் கிடைத்ததில் கட்டடத்தில் பலருக்குப் பொறாமை உண்டு. அது மிதந்து வந்து கதவில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது.

கத்தினேன். கதவைத் தட்டினேன். மேல் வீட்டுக்காரர்கள் மழைச் சத்தத்தில் ஜன்னல்களை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தார்கள். போனில் சிக்னல் இல்லை. வாட்ச்மேனும் எங்கே போனாரோ தெரியவில்லை. தண்ணீர் தொடைக்கு ஏறியது. சாக்கடை நாற்றம். மாமா பின்சுவரில் இருந்த கைப்பிடிக் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. கதையில் வருகிறவர் இந்த நேரத்துக்கு நாலு உத்தரவு போட்டிருக்க வேண்டும்.

தோளைக் கொடுத்து முழுப்பலத்தோடு தள்ளினேன். கார் கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. கதவு ஒரு சாண் திறந்தது, இன்னும் கொஞ்சம் திறந்தது, அதோடு நின்றுவிட்டது. காரின் பின்பக்கம் தூணில் போய் முட்டிக்கொண்டது. எத்தனை முறை தள்ளினாலும் அதற்குமேல் இல்லை.

அந்த இடைவெளியில் நான் பக்கவாட்டில் நுழைந்து போய்விடலாம். என் ஒல்லி உடம்பைச் சொல்லிச் சொல்லியே மாமியார் காலம் தள்ளினார், அன்றைக்கு அதுதான் உதவும்போல இருந்தது. மாமாவால் முடியாது. பருத்த உடம்பு, மடங்காத முட்டி. இதை நான் பார்த்த அதே நேரத்தில் அவரும் பார்த்துவிட்டார்.

"நீ போம்மா" என்றார்.

"வேணாம் மாமா. வாட்ச்மேன் வந்துடுவார்."

"வரட்டும். நீ வெளிய போய் மாடி ஏறிடு."

"உங்கள இங்க விட்டுட்டா?"

தண்ணீர் என் இடுப்புக்கு வந்துவிட்டது. புடவை காலைச் சுற்றி இழுத்தது. அவருக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. அந்த மூச்சிலும் அவர் அதட்டினார். அத்தனை வருஷத்தில் என்னிடம் அவர் அப்படிக் குரலை உயர்த்தியதில்லை.

"சொன்னாக் கேளு. போ."

எனக்குக் கோபம் வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நிலைமையிலும் எனக்கு வந்தது கோபம்தான். "நீங்க மட்டும் அன்னிக்குப் போனீங்களா? அந்த ஆளோட உக்காந்தீங்க இல்ல? ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம சொன்னீங்களே மாமா. இப்ப என்ன என்னைப் போகச் சொல்றீங்க?"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார். துண்டு துண்டாகத்தான் பேச முடிந்தது.

"அவன் என்னைப் போகச் சொன்னாம்மா. அத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. போங்க சார், போங்க சார்னு கெஞ்சினான். என் கையத் தட்டிவிட்டான். நான் கேக்கல. அடிபட்டவன விட்டுட்டு வந்தான்னு பேர் வந்துடுமேன்னு எனக்குப் பயம். அந்தப் பயத்துலதான் உக்காந்தேன். என்னை விரட்ட முடியாம அவன் அழுதான். வலியில அழறான்னு நினைச்சேன்."

தண்ணீர் அவர் பெல்ட்டைத் தாண்டி சட்டைப் பாக்கெட்டைத் தேடி ஏறிக்கொண்டிருந்தது.

"இப்ப அவன் எடத்துல நான் நிக்கிறேன். நீ கண்ணு முன்னாடி முழுகறதப் பாக்கணுமேன்னுதான் பயமா இருக்கு. எனக்கு என்ன ஆகும்னு இல்ல. அவனுக்கும் அப்படித்தானே இருந்திருக்கும். அவன்தாம்மா தைரியக்காரன். இத்தன வருஷமா தப்பான ஆளப் பத்திச் சொல்லிட்டு இருந்திருக்கேன்."

இத்தனை வருஷம் அந்தக் கதையை வாய்க்குள் கேலி செய்துகொண்டிருந்தவள் நான். ஆனால் அவரே அதைப் போட்டு உடைத்தபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை. அழுதுகொண்டே சொன்னேன்.

"அந்த ஆள் பேச்ச நீங்க கேக்கல. உங்க பேச்ச நான் ஏன் கேக்கணும்?"

கேட்டுவிட்டேனே தவிர, அங்கே நின்றுகொண்டு இருப்பதால் ஒன்றும் நடக்கப்போவதில்லை என்று எனக்கும் தெரிந்தது. உள்ளேயிருந்து தள்ளினால் கார் தூணைத்தான் முட்டும். வெளியே போனால் அதைப் பக்கவாட்டில் நகர்த்தலாம். அதை அவரிடம் சொன்னேன். நான் போகவில்லை, காரை நகர்த்தத்தான் வெளியே போகிறேன் என்று சொன்னேன். அவர் நம்பினாரா, நான் தப்பித்துப் போகிறேன் என்று நிம்மதி அடைந்தாரா, தெரியாது. தலையை மட்டும் ஆட்டினார்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த இடைவெளியில் நுழைந்தேன். கதவின் விளிம்பு முதுகைக் கீறியது. பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே என்று மாட்டிக்கொண்டு மூச்சு விட முடியாமல் நின்ற அந்த நேரம் இன்னும் என் கனவில் வருகிறது. எப்படியோ உருவிக்கொண்டு வெளியே விழுந்தேன். பார்க்கிங் முழுவதும் ஒரே பழுப்புத் தண்ணீர். சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை. அங்கிருந்து தண்ணீர் இழுவையோடு உள்ளே வந்துகொண்டிருந்தது.

எதிரே படிக்கட்டு. நாலு எட்டு வைத்தால் போதும். பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பி, காரின் பானட்டில் கையை வைத்துத் தள்ளினேன். அது அசைந்து கொடுத்துவிட்டுத் திரும்பவும் கதவிலேயே வந்து நின்றது. தண்ணீர் அதை அழுத்தியது.

உள்ளேயிருந்து மாமாவின் குரல் கேட்டது. இரைப்பு இருந்தது, ஆனால் பதற்றம் இல்லை. "நேராத் தள்ளாத. மெதக்கற சாமான நேராத் தள்ளினா நகராது. மூலையப் பிடிச்சுத் திருப்பு. தண்ணி இழுக்கற பக்கம் விடு."

பம்பரின் இடது மூலையைப் பிடித்து இழுத்தேன். திரும்ப ஆரம்பித்தது. பின்பக்கம் தூணில் சிக்கிக்கொண்டு அதற்குமேல் வரமாட்டேன் என்றது. இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தினேன். எவ்வளவு நேரம் கத்தினேன் என்று தெரியாது. கேட் பக்கத்திலிருந்து நெஞ்சளவுத் தண்ணீரில் ஒருவர் கைகளைத் துடுப்பு மாதிரி போட்டுக்கொண்டு வந்தார். வாட்ச்மேன். தெருமுனை வீட்டில் கைக்குழந்தையோடு மாட்டிக்கொண்டவர்களை மேலே ஏற்றிவிடப் போயிருந்தாராம்.

"இன்னா மேடம், வண்டிக்காவா இங்க நின்னுக்கினு கீறீங்க? வுட்டுத் தள்ளுங்க. மேல போங்க."

"உள்ள மாமா."

அவர் மூச்சைப் பிடித்துக் காருக்குப் பின்னால் போனார். தூணில் முதுகைக் கொடுத்து, காலால் காரை உதைத்தார். நான் மூலையை இழுத்தேன். கார் பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தத்தோடு விடுபட்டு, தண்ணீரோடு சுழன்று, எதிர்ச்சுவரில் போய் இடித்துக்கொண்டு நின்றது. லோன் அடைந்து ஒரு மாதம்கூட ஆகாத கார். ஒரு நொடிகூட அதைத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

கதவைத் திறந்தோம். மாமாவுக்குத் தண்ணீர் மார்பைத் தாண்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கூப்பிட்டால் வரவில்லை. கைப்பிடிக் குழாயைப் பிடித்த கை விடவில்லை. நான் அந்த விரல்களைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், முடியவில்லை. வாட்ச்மேன் என்னை ஒதுக்கிவிட்டு அவர் காதுக்குப் பக்கத்தில் போனார்.

"நைனா, பயந்துக்கினியா? நான் கீறேன் இல்ல. கைய வுடு. என் கழுத்தப் பிடி. அவ்ளோதான், வா."

ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். அவரை முதுகில் சுமந்துகொண்டு படியேறினார். நான் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டு போனேன். முதல் மாடியில் உட்கார வைத்துவிட்டு, மேல் வீட்டில் டார்ச்சும் போர்வையும் கேட்டு வாட்ச்மேன் ஓடினார். மாமாவின் சட்டைப் பாக்கெட்டில் அவர் எப்போதும் வைத்திருக்கும் இன்ஹேலர் நனைந்து கிடந்தது. உதறிவிட்டு வாயில் வைத்தேன். வேலை செய்தது. இரைப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஷூவுக்குள் தண்ணீர் நிரம்பியிருந்தது. முடிச்சை அவிழ்த்துக் கழற்றினேன்.

அவர் பக்கத்தில் படியிலேயே நானும் உட்கார்ந்தேன். கீழே தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் விட்டு வந்த லிஃப்டின் கதவு அதில் ஆடி ஆடிச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்குத் தோன்றியது. இத்தனை வருஷத்தில் வந்தவர், போனவர், நான், என் கணவர், யாருமே அவரிடம் ஒன்றைக் கேட்டதில்லை.

"மாமா, அவர் பிழைச்சாரா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் கோணியது. எண்பது வயது மனிதர் சின்னக் குழந்தை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதார்.

"தண்ணி ஏறறதுக்கு முன்னாடியே போயிட்டாம்மா. எங்கூடப் பேசிட்டே இருந்தவன். நான் பொணத்தோட உக்காந்துட்டு இருந்தேன்."

என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"என்னால அவன உயிரோட கொண்டுவர முடியல. நீ என்னைக் கொண்டுவந்துட்ட."